சணல்: நீர் முடிவு செய்யும் நார்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



மனிதர் விளைவிக்கும் தாவர நார்களில் பருத்திக்கு அடுத்த இடம் சணலுக்கு. பருத்தி உடலுக்கு உடையானது; சணல் நெல்லுக்கும் கோதுமைக்கும் சர்க்கரைக்கும் காப்பிக்கொட்டைக்கும் உடையானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் கொட்டிய வங்கச் சமவெளியே இதன் முதன்மையான விளைநிலம். இன்றும் உலகச் சணலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும்தான் விளைகிறது. விளைச்சலில் இந்தியா முதலிடம், ஏற்றுமதியில் வங்கதேசம் முதலிடம். இந்திய விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு மேற்கு வங்கத்தைச் சேர்ந்தது; எஞ்சியதில் பெரும்பகுதி பீகாரிலும் அசாமிலும் விளைகிறது.

சணலைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்று பேசுகின்றன. ஒன்று வயல்: விதை, உரம், விளைச்சல். மற்றொன்று ஆலை: தறி, தொழிலாளர், ஏற்றுமதி. இவ்விரண்டுக்கும் நடுவே, அறுத்த செடி குளத்து நீரில் மூழ்கிக் கிடக்கும் இரண்டு மூன்று வாரங்கள் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. சணல் நாரின் தரத்தையும் அதன் வழியே உழவர் பெறும் விலையையும் முதன்மையாக முடிவு செய்வது அந்த வாரங்களே என்பதுதான் இச்சொற்பொழிவின் கருத்து. செடியின் இயல்பிலும் தொழிலின் வரலாற்றிலும் சட்டத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. அவை கீழே எண்ணிட்டுத் தரப்படுகின்றன.

1. பெயரும் செடியும்

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். தமிழில் சணல் என்ற சொல் ஒரே செடியைக் குறிப்பதில்லை. தமிழக உழவர் பசுந்தாள் உரமாக விதைத்து, மஞ்சள் பூ பூத்ததும் மடக்கி உழுகிற சணப்பு அவரைக் குடும்பத்தது. நாரும் தரும், ஆனால் அது சணல் அன்று. புளிச்சை எனப்படும் நார்ச்செடி செம்பருத்தியின் உறவு. அதன் நாரை வணிகத்தில் மெஸ்தா என்பார்கள். ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களில் நெல்லிமர்லா, சிட்டிவலசா போன்ற ஊர்களின் ஆலைகள் இந்த மெஸ்தாவை நம்பி எழுந்தவை. சாக்கும் கோணியும் ஆகிற வங்கச் சணல் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது கார்க்கோரஸ் என்னும் பேரினத்தின் இரண்டு சிற்றினங்களிலிருந்து வருகிறது.

ஒன்று வெள்ளைச் சணல், கார்க்கோரஸ் கேப்சுலாரிஸ். இதன் காய் உருண்டையாக இருக்கும், இலை கசக்கும், வளர்ந்தபின் காலடியில் வெள்ளம் நின்றாலும் தாங்கும். மற்றொன்று தோஷா, கார்க்கோரஸ் ஒலிட்டோரியஸ். இதன் காய் நீண்டிருக்கும். நீர் தேங்கினால் செடி வாடும். நார் மென்மையும் வலிமையும் மிக்கது. இன்று பரப்பில் தோஷாவே முன்னிற்கிறது. இதன் இளம் இலை வங்காளியின் சோற்றுத் தட்டில் கீரை. எகிப்தில் மொலோகியா என்ற பெயரில் வழவழப்பான குழம்பாகிறது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் இதை எவெடு என்பர். ஒரே செடி ஒரு நாட்டில் கயிறாகவும் மற்றொரு நாட்டில் உணவாகவும் இருக்கிறது.

விதைப்பு மார்ச் முதல் மே வரை, கோடை மழையின் முதல் ஈரத்தில் நடக்கிறது. நான்கு மாதத்தில் செடி ஆள் உயரத்தின் இரு மடங்கை எட்டிவிடும். வெப்பமும் காற்றில் ஈரப்பதமும் மிகுந்திருக்க வேண்டும். இடையிடையே மழை, பிறகு வெயில் என்று மாறி மாறி வந்தால் தண்டு கிளைக்காமல் நேராக ஓங்கும். 120 நாளில், பூ முடிந்து பிஞ்சு பிடிக்கும் தறுவாயில் அறுப்பது நல்லது. முந்தினால் நார் மெலியும், எடை குறையும். பிந்தினால் எடை கூடும், நார் முரடாகும். ஆனால் அறுப்பு நாளைக் குறிப்பது சணல் மட்டுமன்று. அதே நிலத்தில் அடுத்து ஆமன் என்னும் பருவமழை நெல் நட வேண்டும், நாற்று காத்திருக்கிறது. அதனால் பல உழவர் 100, 110 நாளிலேயே அரிவாளை எடுத்துவிடுகிறார்கள்.

2. நார் என்பது எது

வாழையில் பட்டையை உரித்தால் நார் கைக்கு வருகிறது. சணலில் அப்படி வராது. தண்டின் நடுவே மரத்தன்மையுள்ள குச்சி. அதைச் சுற்றி மெல்லிய பட்டை. அந்தப் பட்டையின் உள்ளே, செடியின் உணவுக் குழாய்களை ஒட்டி வளையம் வளையமாக நார்க்கற்றைகள். கற்றைகளைச் சுற்றிலும் பெக்டின் என்ற பசை. கொய்யாவையும் ஆப்பிளையும் காய்ச்சும்போது பாகைக் கெட்டியாக்குவதும் இதுவே. குச்சியோடும் தோலோடும் நாரைப் பிணைத்து வைத்திருப்பது இந்தப் பசை.

கற்றையைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவது உண்மை தெரியும். தனித் தனி நார்ச்செல்லின் நீளம் 2 மில்லிமீட்டர் அளவுதான். பருத்தி இழையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. தனியே நூற்க முடியாது. இந்தக் குட்டைச் செல்களை ஒன்றன் நுனியில் ஒன்றாக ஒட்டி, ஆள் நீளத்தையும் மிஞ்சிய நார் ஆக்குவது லிக்னின் என்னும் மரப்பொருள். சணல் நாரில் செல்லுலோஸ் ஏறத்தாழ 60 விழுக்காடு, லிக்னின் 12 முதல் 14 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பங்கு அரைச்செல்லுலோஸ். சணலின் பொன்னிறத்துக்கும் விறைப்புக்கும், வெயிலில் நாள்பட்டால் பழுப்பேறுவதற்கும் லிக்னின்தான் காரணம்.

ஆகவே சணல் தண்டில் இரண்டு ஒட்டுப்பொருள்கள் உள்ளன. பெக்டின் கரைய வேண்டும். கரையாவிட்டால் நார் பிரியாது. செல்களைப் பிணைக்கும் பொருள் கரையக் கூடாது. கரைந்தால் நார் பொடியாகும். ஒன்றைக் கரைத்து மற்றொன்றை விட்டுவைக்கும் நுட்பமான இவ்வேலையை எந்த எந்திரமும் இதுவரை குறைந்த செலவில் செய்யவில்லை. குளத்து நீரில் வாழும் பாக்டீரியாக்கள் செய்கின்றன.

3. குளத்தில் நடப்பது

அறுத்த செடிகளை ஓரிரு சாண் பருமனுள்ள கட்டுகளாக்கி, மூன்று நான்கு நாள் வயலிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். இலை உதிர்ந்து மண்ணுக்கு எருவாகிறது. பிறகு கட்டுகள் குளத்துக்குச் செல்கின்றன. தண்டின் அடிப்பாகம் தடித்தது, நுனி மெல்லியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மூழ்கடித்தால் அடி வேகுமுன் நுனி குழைந்துவிடும். அதனால் தேர்ந்த உழவர் முதலில் அடிப்பாகம் மட்டும் நீரில் நிற்கும்படி கட்டுகளை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு, அதன்பின் படுக்க வைப்பார். படுத்த கட்டுகளை அடுக்கடுக்காகப் பிணைத்தால் தெப்பம் போன்ற ஓர் அமைப்பு கிடைக்கும். வங்கத்தில் அதன் பெயர் ஜாக். ஜாக் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே அமிழ்ந்து நிற்க வேண்டும். அடித்தளத்துச் சேற்றையும் தொடக் கூடாது.

தண்டு நீரை உறிஞ்சிப் பருக்கிறது. தோல் ஆங்காங்கே வெடிக்கிறது. சர்க்கரையும் நிறப்பொருள்களும் நீரில் கசிகின்றன. அவற்றைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. முதலில் காற்றை நாடும் வகைகள். அவை நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்ததும், காற்றில்லாமல் வாழும் வகைகள். இவை சுரக்கும் நொதிகள் பெக்டினை அறுக்கின்றன. நீரின் வெப்பம் 34 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்; ஆடி, ஆவணியில் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வானம் குளிர்ந்தால் மாதமும் ஆகும். குமரிக் கடற்கரையின் காயல்களில் தேங்காய் மட்டை மாதக்கணக்கில் ஊறுவதை அறிந்தவர்க்கு இந்த முறை புதிதன்று. ஆனால் மட்டைக்கு ஒரு வாரம் முன்பின் ஆனால் பெரிய கேடு இல்லை. சணலுக்கு இரண்டு நாள் தவறினாலும் நட்டம்.

ஏனெனில் பெக்டின் தீர்ந்த பிறகும் நுண்ணுயிர்கள் ஓய்வதில்லை. அடுத்து நாரையே தின்னத் தொடங்கும். அளவு மீறி ஊறிய நார் பார்வைக்குப் பொலிவிழந்து மங்கும்; இழுத்தால் அறும். குறைவாக ஊறிய நாரில் பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கும், அடிப்பாகம் கட்டையாக நிற்கும். ஆலையில் அந்த அடியை வெட்டித் தள்ளி, மட்டமான நூலுக்குப் பயன்படுத்துவார்கள். ஆகவே ஊறப்போட்ட எட்டாம், பத்தாம் நாளிலிருந்து உழவர் தினமும் குளத்தில் இறங்கி, ஜாக்கிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளை உருவி, கட்டைவிரலால் நெருடிப் பார்க்கிறார். நார் குச்சியைவிட்டு வழுக்கி வந்தால் அன்றே எடுத்தாக வேண்டும். இதற்கு மானியோ கருவியோ இல்லை. விரல் நுனிதான் அளவுகோல்.

நீரின் அளவும் தன்மையும் இதே அளவுக்கு முக்கியம். ஒரு பங்கு செடிக்கு இருபது பங்கு நீர் என்பது பரிந்துரை. மெல்ல ஓடும் தெளிந்த நீர் மிகச் சிறந்தது: அழுக்கை அடித்துச் செல்லும், நுண்ணுயிரை முற்றும் அகற்றாது. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் உழவருக்குக் கிடைப்பது சாலையோரப் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதிலேயே ஊரார் எல்லாரின் கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊறும். ஜாக் மிதக்காமலிருக்க மேலே மண்கட்டியையும் வாழைத்தண்டையும் ஏற்றுவார்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள இரும்பு, செடியின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புச் சாயமாகி நாரில் படியும். பொன்னிற நார் சாம்பல் நிறமாகிவிடும். விலை அங்கேயே சரியும். புளிக்கரைசலில் சிறிது நேரம் முக்கி அலசினால் இந்தக் கறை ஓரளவு நீங்கும் என்பதைச் சணல் ஆராய்ச்சியாளர் உழவருக்குச் சொல்லித் தருகின்றனர். செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குவதைப் போன்றதே இதுவும்.

பிறகு நார் பிரித்தல். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, அடிப்பாகத்தை மரச்சுத்தியால் தட்டி, நடுவே ஒடித்து, குச்சி உதிரும்படி நாரை நீரில் முன்னும் பின்னும் உதறுவது ஒரு முறை. ஒவ்வொரு தண்டாக எடுத்து நாரை உருவுவது மற்றொன்று. முன்னது விரைவானது, பின்னதில் குச்சி ஒடியாமல் முழுதாக மிஞ்சும். எதுவானாலும் நாள் முழுக்க, நாற்றமெடுத்த கரிய நீரில் நின்று செய்யும் வேலை. தோல் நோய்கள் இதோடு வருகின்றன. கூலிக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவருவதும், சணல் சாகுபடிச் செலவில் கூலி முதலிடம் வகிப்பதும் வியப்பன்று. இத்தனைக்கும் பிறகு, பச்சைச் செடியின் எடையில் 5, 6 விழுக்காடே உலர்ந்த நாராக மிஞ்சுகிறது.

4. தரம் பார்க்கும் முறை சொல்லும் சான்று

இந்தியத் தர நிர்ணயத்தில் கச்சாச் சணல் ஆறு இயல்புகளால் மதிப்பிடப்படுகிறது: வலிமை, குறைபாடு, வேர்ப்பகுதியின் (ஊறாமல் கட்டையாக நிற்கும் அடிப்பாகத்தின்) அளவு, நிறம், மென்மை, அடர்த்தி. இவற்றுள் குறைபாடு, வேர்ப்பகுதி, நிறம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் குளத்தில் தீர்மானமாகின்றன. வலிமையும் பாதி அங்கேதான். விதையும் உரமும் நேரடியாக ஆளுவது மென்மையையும் அடர்த்தியையுமே. இந்தக் கணக்கொன்றே இச்சொற்பொழிவின் கருத்தை நிலைநாட்டப் போதும்.

ஆனால் தரத்துக்கேற்ற விலை உழவர் கைக்குச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. நடுவண் அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலையை டிடி-3 என்னும் தோஷாத் தரத்துக்கு அறிவிக்கிறது. பிற தரங்களின் விலை அதையொட்டி ஏறி இறங்கும். 2025-26 பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,650 ரூபாய். 1971இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணல் கழகம் அவ்விலையில் வாங்கக் கடமைப்பட்டது. எனினும் கொள்முதல் நிலையம் தொலைவில் இருக்கும் ஊரில், மிதிவண்டியிலோ சிறு வண்டியிலோ வாசலுக்கே வரும் ஃபரியா எனப்படும் சில்லறை வணிகர்தான் முதலில் வாங்குபவர். அவர் கண் மதிப்பில் எல்லாத் தரத்துக்கும் சேர்த்து ஒரே விலை பேசுகிறார். நன்றாக ஊறவைத்தவருக்கும் சேற்றில் ஊறவைத்தவருக்கும் வேறுபாடு மிகச் சிறிது என்றால், கூடுதல் உழைப்பைத் தர யாருக்கு மனம் வரும்? தரப் பிரிப்பு ஆலை வாசலில் நடக்கிறது. அதன் ஆதாயமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

5. டண்டீயும் ஹூக்ளியும்

ஆலைத் தொழிலின் வரலாறு பலமுறை எழுதப்பட்டது. இங்கே சுருக்கமே போதும். கையால் நூற்று நெய்த சாக்குத் துணியை அக்பர் காலத்து ஆவணமான அயினி அக்பரி வட வங்கத்தின் விளைபொருளாகக் குறிக்கிறது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி கச்சா நாரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பார்த்தது. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் வில்லியம் ராக்ஸ்பர்க் அதற்கு ஜூட் என்ற பெயரைப் பதிவு செய்தார். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆளி நார் ஆலைகளில் அது ஓடவில்லை. உலர்ந்து விறைத்த நார் எந்திரத்தில் நொறுங்கியது. டண்டீ திமிங்கில வேட்டைத் துறைமுகம். திமிங்கில எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து நாரில் தெளித்து ஊறவிட்டதும் நார் இணங்கியது. 1830களில் எந்திர நூற்பு கைகூடியது. குளத்தில் ஒருமுறை ஊறிய சணல் ஆலையில் மறுமுறை ஊறியாக வேண்டும் என்பது அன்று தொடங்கிய வழக்கம்.

1850களில் கிரிமியப் போர் ரஷ்ய ஆளி நாரைத் தடுத்தது. சணலுக்குச் சந்தை திறந்தது. 1855இல் ஜார்ஜ் ஆக்லண்ட், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலையை நிறுவினார். நாலாண்டில் விசைத்தறியும் வந்தது. நூற்றாண்டின் முடிவுக்குள் ஹூக்ளிக் கரை டண்டீயை முந்திவிட்டது. பீகார், ஒடிசா, ஐக்கிய மாகாணங்களிலிருந்தும் சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். ஆலைப் பதிவேடுகள் மதராசிகள் என்று குறித்தவர்களில் மிகப் பலர் அந்த மாவட்டங்களின் தெலுங்கர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்கு வேண்டிய மணல் மூட்டைகள் கோடிக்கணக்கில் இங்கிருந்தே சென்றன.

1947இன் பிரிவினைதான் இந்த வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்க இடம். ஆலைகள் யாவும் இந்தியப் பக்கம் நின்றன. சணல் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிழக்குப் பாகிஸ்தான் ஆனது. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை, வணிகமே நின்றது. இந்தியா மேற்கு வங்கம், பீகார், அசாமில் சணல் பரப்பை விரைந்து பெருக்கியது. சில ஆண்டுகளில் பரப்பு இரு மடங்குக்கு மேலானது. எடை கிடைத்தது, தரம் கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட மைமன்சிங், டாக்கா வட்டாரங்களின் பெயர்பெற்ற உயர்தர நாருக்குக் காரணம் மண் மட்டுமன்று, ஆண்டுதோறும் பெருகி ஓடும் பிரம்மபுத்திராவின் நீர். நிலத்தைப் பெருக்கலாம், ஓடும் ஆற்றைப் பெருக்க முடியாது. நுண்ணிய நூலுக்கு வேண்டிய உயர்ந்த நாரை இந்திய ஆலைகள் அதன்பின்னும் எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கி வந்தது இதனால்தான்.

எல்லைக்கு அப்பால் நாராயண்கஞ்சில் 1951இல் எழுந்த ஆதம்ஜி ஆலை உலகிலேயே பெரியதானது. ஆனால் சணல் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்குப் பாகிஸ்தானுக்கே செலவாகிறது என்ற குமுறல் கிழக்கு வங்க அரசியலின் அடிநாதமாயிற்று. 1971இல் பிறந்த வங்கதேசம் தன் அரசு இலச்சினையில் அல்லி மலருக்கு மேலே மூன்று சணல் இலைகளை வைத்தது. ஆதம்ஜி ஆலை 2002இல் மூடப்பட்டது.

6. பயன்கள்

சணலின் பயன் பெரிதும் அதன் குறைகளிலிருந்தே பிறந்தது. நார் சொரசொரப்பானது; ஆகவே சாக்கின் மேல் சாக்கை அடுக்கினால் சறுக்காது. நீட்சி 1, 2 விழுக்காடே. ஆகவே பாரம் ஏற்றினாலும் மூட்டை உருமாறாது. ஈரத்தை உறிஞ்சும், காற்றை விடும். ஆகவே தானியம் உள்ளே வியர்ப்பதில்லை. சுமையாளர் கொக்கி குத்தி இழுத்தாலும் இழை விலகி மீண்டும் கூடிவிடும். பிளாஸ்டிக் சாக்கில் குத்திய ஓட்டை கிழிசலாகும். 50 கிலோ தானியம் கொள்ளும் அரசுச் சாக்கின் எடை 580 கிராம். தஞ்சைத் தரணியில் அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வரவில்லை என்று நெல் குவியல் திறந்த வெளியில் மழையை அஞ்சிக் கிடக்கிறதே, அந்தச் சாக்கின் தொடக்கம் வங்கத்துக் குளம் ஒன்றில் இருக்கிறது. ஆங்கில வணிக வழக்கிலுள்ள ‘கன்னி பேக்’கும் நம் கோணியும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை.

சாக்கைவிட மெல்லிய, சீரான துணி ஹெசியன். கம்பளங்களின் அடித்துணியாகவும், லினோலியம் தரைவிரிப்பின் முதுகாகவும் ஒரு காலத்தில் உலக வீடுகளில் பரவியது. 1960களுக்குப் பின் பாலிபுரொப்பிலீன் அந்தச் சந்தையைக் கைப்பற்றியது.

நார் பிரிந்தபின் மிஞ்சும் குச்சி நாரைப்போல் இரு மடங்கு எடையுள்ளது. வங்கத்துச் சிற்றூரில் அது அடுப்பெரிக்கவும் வேலி கட்டவும், வெற்றிலைக் கொடிக்காலுக்கு நிழற்சுவர் எழுப்பவும் ஆகும். துகள்பலகை, கரி ஆகியவற்றுக்கும் மூலப்பொருளாகிறது. சில ஆண்டுகளில் உழவருக்கு நாரைவிடக் குச்சியே உறுதியான வரவாக இருப்பதுண்டு.

புதிய பயன்களில் மண்காப்பு வலையே மிகப் பொருத்தமானது. சரிவுகளிலும் ஆற்றங்கரையிலும் விரிக்கும் சணல் வலை மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது, தன் எடையைப்போல் சில மடங்கு நீரைப் பிடித்து வைக்கிறது. ஓரிரு ஆண்டில் மக்கிவிடுகிறது. அதற்குள் புல் வேரூன்றிவிடும். மக்குவதே இங்கே தகுதி. சணல் இழையைப் பிசினோடு அழுத்திக் காரின் கதவு உட்பலகைகள் செய்கின்றனர். வங்கதேச அறிவியலாளர் முபாரக் அகமது கான் சணலின் செல்லுலோஸிலிருந்து பாலித்தீனைப் போன்ற, ஆனால் மக்கக்கூடிய சோனாலி பையை உருவாக்கினார். 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்த பாலித்தீன் பைகளை 2002இல் தடை செய்த நாட்டுக்கு இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வம் அன்று. மக்ஸூதுல் ஆலம் தலைமையில் தோஷாச் சணலின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்திய செய்தியும் 2010இல் அந்நாட்டின் நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

உணவுப் பையில் ஒரு சிக்கல் எழுந்தது. டண்டீயின் திமிங்கில எண்ணெய்க்குப் பின் ஆலைகள் கனிம எண்ணெய்க்கு மாறியிருந்தன. அதன் வாடை கொக்கோவிலும் காப்பிக்கொட்டையிலும் ஏறியது. வாங்கும் நாடுகள் மறுத்தபோது, ஆலைகள் அரிசித் தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களைக் கொண்டு நாரைப் பதப்படுத்தத் தொடங்கின.

7. சட்டம் காத்ததும் காவாததும்

பிளாஸ்டிக் சாக்கின் தாக்குதலிலிருந்து தொழிலைக் காக்க இந்தியா 1987இல் சணல் கட்டாயப் பயன்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. சணல் சாக்கில் கட்டியாக வேண்டிய பொருள்களின் பட்டியலில் தொடக்கத்தில் சிமெண்டும் உரமும் இருந்தன, பின்னர் நழுவின. உச்ச நீதிமன்றம் 1996இல் இச்சட்டம் செல்லும் என்று ஏற்றது. அண்மை ஆண்டுகளின் ஆணைப்படி உணவு தானியம் முழுவதும், சர்க்கரையில் 20 விழுக்காடும் சணல் சாக்கில் கட்டப்பட வேண்டும். வங்கதேசமும் 2010இல் இதுபோன்ற சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 40 லட்சம் உழவர் குடும்பங்களும் சில லட்சம் ஆலைத் தொழிலாளரும் இத்தொழிலை நம்பியிருப்பதாக இந்திய அரசு கூறுகிறது. இந்தியச் சட்டம் இல்லாதிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் எப்போதோ வேறு பிழைப்பைத் தேடிப் போயிருப்பார்கள். அதை மறுக்க முடியாது.

ஆனால் சட்டம் காத்தது சாக்கை. நாரின் தரத்தை அன்று. தானியச் சாக்குக்கு நடுத்தர நாரும் அதற்குக் கீழானதும் போதும். ஆலையின் உற்பத்தியில் பெரும்பங்கை அரசே வாங்குவதால், ஆலை உயர்ந்த நாரைத் தேடவில்லை. ஆலை தேடாததால் வணிகர் கூடுதல் விலை தரவில்லை. விலை இல்லாததால் உழவர் பள்ளத்து நீரே போதும் என்றிருக்கிறார். மெல்லிய துணிக்கும் நுண்ணூலுக்கும் நல்ல நார் வேண்டும்போது அது உள்நாட்டில் போதிய அளவில் கிடைப்பதில்லை. சணல் தேய்வதற்குப் பிளாஸ்டிக் ஒரு காரணம்; இந்தச் சுழல் மற்றொரு காரணம். பின்னது பேசப்படுவதே இல்லை.

8. குளத்தைச் சீராக்கும் வழிகள்

நீரைக் குறைத்து ஊறவைக்கும் முயற்சிகள் நெடுங்காலமாக நடக்கின்றன. பச்சைத் தண்டிலிருந்து பட்டையை நாடாவாக உரித்து, நாடாவை மட்டும் ஊறப்போடும் முறை வங்கதேசத்தில் பரிந்துரைக்கப்பட்டது. நீர் வெகுவாக மிச்சம், நாட்களும் குறைவு, மாசும் குறைவு. எனினும் அது பரவவில்லை. நாடா உரிப்பதற்குத் தனியாகக் கூலி வேண்டும். அதுவும் அறுப்பு நெருக்கடியின் நடுவே. சுமையைக் குளத்திலிருந்து களத்துக்கு மாற்றுவது தீர்வாகாது என்று உழவர் சரியாகவே கணித்தார்கள்.

கொல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் உள்ள நடுவண் சணல் ஆராய்ச்சி நிலையம் வேறு வழியை நாடியது. சணல் ஊறும் நீரிலிருந்தே திறன் மிக்க பாக்டீரியா வகைகளைப் பிரித்தெடுத்து, பொடியாக்கி, கிரிஜாஃப் சோனா என்ற பெயரில் உழவருக்கு வழங்குகிறது. ஜாக் கட்டும்போது அடுக்குகளுக்கு இடையே தூவினால் ஊறும் காலம் சில நாள் குறைகிறது, நாரின் நிறமும் தரமும் உயர்கின்றன. தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற எளிய செயல் என்பதால் இது ஊர்களில் ஏற்கப்பட்டது. 2015இல் தொடங்கிய ஜூட்-ஐகேர் திட்டம் இந்தப் பொடியையும், சான்று பெற்ற விதையையும், வரிசை விதைப்பு, களையெடுப்புக் கருவிகளையும் சேர்த்துக் கொடுக்கிறது.

நுண்ணுயிரைக் கொடுக்கலாம், நீரைக் கொடுப்பது யார்? ஊர்க் குளங்கள் தூர்ந்தும் மனைகளாகியும் போகின்றன. எஞ்சியவற்றை மீன் வளர்ப்புக்குக் குத்தகைக்கு எடுத்தவர் சணலை உள்ளே விடுவதில்லை. விடாததற்கு நியாயமும் உண்டு: ஊறும் சணல் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் மீன் செத்து மிதக்கும். இதற்குப் பாரக்பூர் நிலையம் காட்டும் விடை, வயலின் மூலையிலேயே வெட்டும் குட்டை. அடியிலும் கரையிலும் நெகிழித்தாள் விரித்து மழைநீரைத் தேக்குவது. வெட்டிய மண்ணால் கரை உயர்த்தி அதில் வாழையும் பப்பாளியும் காய்கறியும் வைப்பது. செடியைத் தலைச்சுமையாகத் தொலைவுக்குத் தூக்காமல் அருகிலேயே ஊறவைப்பது. சணல் எடுத்தபின் எஞ்சிய சத்துநீரை அடுத்த பயிருக்குப் பாய்ச்சுவது. சணல் இல்லாத மாதங்களில் அதே குட்டையில் மீன் வளர்க்கலாம். நிலம் சிறிதென்பதால் ஒரு மூலையை இழக்க அஞ்சுபவர்க்கு, இரண்டு மூன்று வயல்காரர் சேர்ந்து ஒரு குட்டை வெட்டும் ஏற்பாடும் உண்டு. குட்டை வெட்டும் செலவை ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பண்ணைக்குட்டைக் கணக்கில் சேர்க்க முடியும். நீர்சேமிப்புப் பணிகளுக்கு அத்திட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.